கிரீன்வுட்டைத் தேடாதீர்கள், அவர் மனைவியைத் தேடுங்கள்

வணக்கம். கனடாவின் பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து அமெரிக்கா போன குடும்பங்களின் மூதாதையரைப் பழைய பதிவுகளில் எப்படித் தேடுவது என்று, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லோவல் நகரம், நெசவாலை வேலைக்குப் போகிற ஒரு குடும்பம், பெயர் கிரீன்வுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் பிரெஞ்சு கனடா என்று இருக்கிறது. இதை நம்பி கியூபெக்கில் போய் கிரீன்வுட்டைத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்க மாட்டார், ஏனென்றால் அங்கே அவர் புவாவேர். பச்சை மரம் என்று பொருள்படும் அந்தப் பெயரை யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டார்கள். லெபிளாங் வைட் ஆனதும் ருவா கிங் ஆனதும் இப்படித்தான்.

சரி, புவாவேர் கிடைத்துவிட்டார், முடிந்ததா? இன்னும் பின்னால் போனால் 'டீ' பெயர்கள் வந்து நிற்கும். 'டீ' (dit) என்றால் பிரெஞ்சில் 'என்று அழைக்கப்படுகிற', ஆக ஊடோன் 'டீ' போலியூ என்றால் போலியூ என்று அழைக்கப்படுகிற ஊடோன். பேரப்பிள்ளைகளில் சிலர் ஊடோன், சிலர் போலியூ. பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயர்கூடக் குடும்பப்பெயர் ஆகியிருக்கிறது!

வயதை வைத்துப் பிடிக்கலாமா என்றால் அதுவும் வழுக்கும். கனடாவின் 1851 கணக்கெடுப்பை எடுத்ததே 1852 ஜனவரியில்தான், அதிலும் கேட்டது அடுத்த பிறந்தநாளுக்கு எத்தனை வயது என்று.

அதனால்தான் சொல்கிறேன், கல்யாணப் பதிவைப் பிடியுங்கள். கியூபெக் பங்குத்தந்தைகள் மாப்பிள்ளையின் தாய் தகப்பன், பெண்ணின் தாய் தகப்பன் என்று நான்கு பேரையும் எழுதி, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்றால் அதையும் கடைசியில் குறித்துவைத்தார்கள். (மறுமணம் என்றால் பல சமயம் பெற்றோருக்குப் பதில் இறந்துபோன துணையின் பெயர் இருக்கும், அப்போது முதல் கல்யாணத்தைத் தேடிப் போக வேண்டியதுதான்.) 1679 முதல் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி, கோயிலில் ஒன்று எரிந்தாலும் இன்னொன்று அரசாங்கத்திடம் இருக்கும். அதற்கு முன்னால் அந்த வசதி இல்லை. 1640இல் கியூபெக் நகரக் கோயில் தீப்பிடித்தபோது போன பதிவுகளை நினைவிலிருந்துதான் மறுபடி எழுதினார்கள்.

இந்த ஏடுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் பிள்ளையின் ஞானஸ்நானத்திலும் தன் அடக்கப் பதிவிலும் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் அவள் மேரி கிரீன்வுட். ஆனால் அதே லோவலில், பிரெஞ்சுக்காரர்கள் போன கோயிலின் ஞானஸ்நான ஏட்டைத் திறந்து பாருங்கள், குழந்தையின் பெயருக்குக் கீழே தாய் மரி கான்யோன் என்று இருக்கும். அந்தப் பெயரை வைத்துக் கியூபெக் கல்யாணப் பதிவைத் தேடுங்கள்.