படுவான்கரையின் அடகு வட்டியும் கொழும்பின் விலைவாசியும்

வணக்கம். பெரும்போகத்துக்கு விதைக்கப் பணமில்லாமல் மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு குடும்பம் தாலிக்கொடியை வங்கியில் அடகு வைக்கிறது. அந்த அடகின் வட்டி ஏறுவதிலும் இறங்குவதிலும் கொழும்பு நகரத்தார் வாங்கும் பொருட்களின் விலைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா?

பின்னணி சுருக்கமானது. 1950இல் தொடங்கிய இலங்கை மத்திய வங்கிக்கு, 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் விலை உறுதிப்பாட்டையே முதன்மை நோக்கமாக விதித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நிதி அமைச்சருடன் செய்துகொண்ட உடன்படிக்கை, பணவீக்கம், அதாவது விலைகள் ஓராண்டில் ஏறும் வீதம், 5 சதவீதமாக இருக்க வேண்டும் என்று குறித்தது.

மத்திய வங்கி வழமையாக அடகு வட்டியை நேரடியாக நிர்ணயிப்பதில்லை. வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கைமாற்றும் பணத்தின் வட்டியையே அது, தான் அறிவிக்கும் அடிப்படை வட்டியான கொள்கை வீதத்தால் நகர்த்துகிறது; பணவீக்கம் இலக்கைத் தாண்டும்போது அந்த வீதத்தை உயர்த்தவும், தணியும்போது குறைக்கவும் முனைகிறது. உன்னிச்சைக் குளத்தின் துருசைத் திறந்தாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச்சேர நாளெடுப்பதுபோல, அந்த மாற்றம் அடகுக்கும் லீசிங்குக்கும் வந்துசேர மாதங்கள் ஆகும். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே நாளில் கொள்கை வீதம் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டதன் சுமையை நம்மில் பலர் பின்னர்தான் உணர்ந்தோம்.

இனி, நான் மிகவும் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். அந்த 5 சதவீதம் அளக்கப்படுவது கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் குடும்பங்களுடைய செலவை மட்டும் பின்தொடரும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால்தான். நாடு முழுவதற்குமான தேசிய சுட்டெண் தனியாக இருக்கிறது. கொழும்புச் சுட்டெண் மாத முடிவிலேயே வெளிவந்துவிடும், தேசிய சுட்டெண்ணுக்கோ அடுத்த மாதத்தின் மூன்றாம் வாரம்வரை காத்திருக்க வேண்டும். வட்டியை முடிவுசெய்பவர்களுக்கு அந்த வேகம் பயன்படும் என்பதை ஏற்கிறேன். ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்புச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம், தேசிய சுட்டெண் காட்டியதோ 73.7 சதவீதம். கொழும்புக்கு வெளியே குடும்பங்களின் செலவில் உணவு பெரும்பங்கைப் பிடிப்பதால், தேசிய சுட்டெண்ணில் உணவுக்கு நிறை அதிகம். அரிசியும் மீனும் மாவும் விலையேறும்போது மட்டக்களப்பில் நாம் படும் பாட்டுக்கு அதுவே நெருக்கமானது. ஆகவே, உடன்படிக்கை புதுப்பிக்கப்படும்போது தேசிய சுட்டெண்ணையே அளவுகோலாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் இலக்கிலிருந்து 2 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகினால், மத்திய வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணம் கூறி அறிக்கை அளிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் நடந்ததுபோல விலைகள் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தாலும் அது விலகல்தான். அந்த அறிக்கை பொதுமக்களுக்கும் உரியது, தேடி வாசியுங்கள்.

கொள்கை வீதம் குறைந்த பிறகு உங்கள் ஊரில் அடகு வட்டி எப்போது குறைந்தது என்பதை ஊர்ப்பெயருடனும் மாதத்துடனும் கீழே எழுதுங்கள்.