வலி அன்றோடு போவதில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிறந்த ஆண் குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே ஆணுறுப்பின் முன்தோலை நீக்குகிறார்களே, அந்த வலி அன்றோடு போகிறதா, குழந்தைக்குள் தங்குகிறதா என்பது தலைப்பு. தங்குகிறது என்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில் பிள்ளை பெற்ற நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. பிரசவ வார்டில் நர்ஸ் வந்து, பையனுக்குச் செய்யவா என்று ஒரு படிவத்தை நீட்டுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியாது!

எதிரணித் தலைவர், "உங்களில் யாருக்காவது அது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். ஞாபகம் இல்லைதான். அதனால் பாதிப்பும் இல்லை என்று ஆகிவிடுமா?

டேவிட் லெவி என்றொரு மனநல மருத்துவர் நியூயார்க்கில் இருந்தார். மைப்பொட்டுகளைக் காட்டி மனத்தை அறியும் ரோர்ஷாக் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வாழ்நாளெல்லாம் குழந்தைகளின் மனத்தைப் படித்தவர். 1945-இல், அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழந்தைகள் மனதளவில் என்ன ஆகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். 124 பேரைப் பற்றியது. இரவில் அலறுவது, இருட்டைக் கண்டு பயப்படுவது, அம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்வது... இதையெல்லாம் அவர் எதோடு ஒப்பிட்டார் தெரியுமா? போர்க்களத்திலிருந்து நடுங்கிக்கொண்டு திரும்பிய சிப்பாய்களோடு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

சரி, அவர்கள் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், பச்சிளம் சிசுவுக்கு என்ன தெரியும் என்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு டொராண்டோவில் பதில் இருக்கிறது. அன்னா டாடியோ என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 87 ஆண் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு முன்தோல் நீக்கவே இல்லை. சிலருக்கு மரத்துப்போகும் க்ரீம் தடவிச் செய்தது. மற்றவர்களுக்கு வெறும் க்ரீம், மருந்தில்லாதது. நாலு மாதமோ ஆறு மாதமோ ஆனதும் வழக்கமான தடுப்பூசி. ஊசி ஏறும்போது முகத்தை வீடியோ எடுத்தார்கள். எந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று தெரியாதவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். நெற்றி சுருங்குகிறதா, எவ்வளவு நேரம் அழுகிறது என்று. முன்தோல் நீக்கப்படாத குழந்தைகளுக்கு வலி குறைவு. மருந்தில்லாமல் செய்யப்பட்டவர்களுக்கு அதிகம். மரத்துப்போகும் க்ரீம் தடவப்பட்டவர்கள் நடுவில். 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஞாபகம் இல்லாத உடம்பு, வேறொரு ஊசிக்கு ஏன் அப்படித் துடித்தது?

இதனால் பெரியவனானதும் மனநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் போதாது. நம் பக்கம் சிலர் அப்படிப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது.

கைகால்களைப் பட்டைகளால் கட்ட, குழந்தையின் வடிவத்திலேயே குழித்த பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. அதில் கிடத்தி, மரப்பு மருந்து இல்லாமலே பல்லாண்டு வெட்டினார்கள். செய்வதானால் வலி நீக்கித்தான் செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது 1999-இல். டாடியோ ஆய்வு வந்து இரண்டு வருடம் கழித்து!

எச்ஐவி குறைகிறதே என்றார் எதிரணி டாக்டர். உண்மை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த ஆய்வுகள் அப்படித்தான் காட்டின. ஆனால் அங்கே சம்மதித்து வந்தவர்கள் வளர்ந்த ஆண்கள் ஐயா. நம் பையனும் வளரட்டுமே, அவனே முடிவு செய்யட்டும். யூதர் வீட்டில் எட்டாம் நாள் நடப்பதும் முஸ்லிம் வீட்டுச் சுன்னத்தும் நம்பிக்கை சார்ந்தவை. அவற்றை நான் இங்கே இழுக்கவில்லை. காரணமே கேட்காமல் கையெழுத்துப் போடும் படிவத்தைத்தான் சொல்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே வரி. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறெதையும் மறுக்க வேண்டாம். அந்த டொராண்டோ குழந்தைகள் ஏன் கூடுதலாக அழுதன என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி.