இளம் பச்சை பு-ஏர்: கசப்பு வேறு, துவர்ப்பு வேறு

வணக்கம். மேசைமீது நீங்கள் காண்பது சீனாவின் யுன்னான் மாகாணத்தில் விளைந்த பு-ஏர் தேயிலை. அதிலும் ‘ஷெங்’ எனப்படும் பச்சை வகை, வட்டாக அழுத்தி இரண்டு ஆண்டுகளே ஆனது. பறித்த இலையை வாட்டி, சூடான இரும்புச் சட்டியில் புரட்டி, உருட்டி, வெயிலில் உலர்த்தி, பின்னர் ஆவியில் இளக்கி அழுத்துகிறார்கள். வழக்கமான வட்டின் எடை 357 கிராம். 1970களில் உருவான ‘ஷோ’ வகையைப் போல இதை ஈரப்படுத்திக் குவித்து நொதிக்கவிடுவதில்லை. ஆகவே இளமையில் இதன் வீரியம் அப்படியே இருக்கும்.

முதன்முறை இதைப் பெரிய கோப்பையில் போட்டு மூன்று நிமிடம் ஊறவிட்டேன். ஒரு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. இலையில்தான் குற்றம் என்று பல வாரங்கள் எண்ணியிருந்தேன். உண்மையில் நான் ஊறவிட்ட நேரம்தான் தவறு.

இப்போது எடுப்பது 5 கிராம் இலை. பாத்திரம், ‘கைவான்’ என்னும் 100 மில்லிலிட்டர் மூடிக்கிண்ணம். வட்டின் ஓரத்தில் ஊசியைப் பக்கவாட்டில் செருகி, மறு கையை ஊசிமுனைக்கு எதிரே வைக்காமல், மெல்ல நெம்புகிறேன். மேலிருந்து குத்தினால் இலை நொறுங்கும். நொறுங்கிய தூள் சாற்றை விரைவாக விட்டுக் கசப்பைக் கூட்டிவிடும். கொதிநீரை ஊற்றி உடனே கொட்டிவிடுகிறேன். இறுகிய இலை விரியத் தொடங்குவதற்கே இந்த முதல் நீர். அடுத்து 90 டிகிரி அளவில் நீர் ஊற்றி, மனத்துக்குள் ஐந்து எண்ணியதும் வடிக்கிறேன்.

நிறத்தைப் பாருங்கள், வெளிர் மஞ்சள். இனி, குடிக்கும்போது நான் கவனிப்பதைச் சொல்கிறேன். நம் மொழி கசப்புக்கும் துவர்ப்புக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பது இங்கே பெரிதும் உதவுகிறது. கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்போ, தேயிலையின் பாலிபினால்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் கன்னத்தின் உட்புறமும் ஈறும் வறண்டு இழுபடும் உணர்வு. சீனர்களும் முன்னதை ‘கூ’ என்றும் பின்னதை ‘ஸே’ என்றும் பிரித்தே பேசுகிறார்கள். கசப்பு இருப்பது குறையன்று. அது எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதே எனக்கு முக்கியம். துவர்ப்பு வாயைவிட்டு அகலாமல் ஒட்டிக்கொண்டால் நேரத்தைக் குறைத்துப் பார்க்கிறேன். அப்போதும் அகலாவிட்டால் அந்த இலை எனக்கு ஏற்றதன்று.

விழுங்கியபின் சற்றுப் பொறுங்கள். தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு எழுகிறது. ‘ஹுய்கான்’ என்பது இதுதான். யுன்னானிலும் விளையும் நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதே இனிப்பு.

நான்காம் ஊற்றலிலிருந்து ஐந்தைந்து நொடி கூட்டிக்கொண்டே போகலாம். இது ஏழாவது. மூடியைத் திறக்கிறேன்: சுருண்டிருந்த இலை காம்போடு முழுதாக விரிந்துவிட்டது, கசப்பு ஏறக்குறைய போய்விட்டது, இனிப்பு இன்னும் நிற்கிறது. இன்னொரு முறை நீர் ஊற்றுகிறேன்.