பிள்ளை பட்டாளத்துக்குப் போகிறேன் என்று சொல்லும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவத்தில் சேருங்கள் என்று இளைஞர்களை அழைக்க ஆட்கள் நிறைய உண்டு. எழுத்துத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, உடற்தகுதிக்கு எப்படி ஓடுவது என்று சொல்லித்தரப் பயிற்சி மையங்கள் வந்துவிட்டன. ஆனால் பட்டப்படிப்பை முடித்த மகனோ மகளோ "பட்டாளத்துக்குப் போகப் போகிறேன்" என்று சொன்ன அன்று இரவு, விளக்கை அணைத்த பிறகும் தூங்காமல் கிடக்கிற தாய் தகப்பனிடம் பேச யாரும் வருவதில்லை. இன்று நான் பேச வந்திருப்பது அவர்களிடம்தான்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். பாடத்தோடு பல ஆண்டுகள் தேசிய மாணவர் படையையும் பார்த்துக்கொண்டேன். அணிவகுப்பில் நின்ற மாணவர்களில் சிலர் பின்னர் அதிகாரிகளாகவும் சிப்பாய்களாகவும் போனார்கள். அவர்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் என்னைத் தேடி வருவார். என்.சி.சி. 'சி' சான்றிதழ் போலீஸ் வேலைக்கு உதவும் என்று நம்பித்தான் பிள்ளையைச் சேர விட்டிருப்பார்கள். அதே சான்றிதழ் இருந்தால் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலே, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.க்கு நேராக விண்ணப்பிக்க வழி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. "நீங்கள்தானே சார் இவனுக்கு இந்த வழியைக் காட்டினீர்கள்?" என்றுதான் பேச்சு தொடங்கும். கோபம் போல இருக்கும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், அது கோபம் இல்லை என்று தெரிந்துவிடும்.

பள்ளி முடித்தவுடன் போகும் பிள்ளையின் வீட்டுக்கும், பட்டம் வாங்கிய பிறகு போகும் பிள்ளையின் வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. இங்கே கல்லூரிக் கட்டணம் கட்டியாயிற்று. நகை அடகில் இருக்கிறது, கல்விக் கடனின் தவணை தொடங்கப் போகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வேலை, மாதா மாதம் வீட்டுக்குப் பணம், இரண்டு வருடத்தில் தங்கையின் கல்யாணம் என்று தகப்பன் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளை சொல்லும் ஒரு வாக்கியம் அதைக் கலைத்துவிடுகிறது. வேலூர் அருகே கம்மவான்பேட்டை போன்ற, பட்டாளத்துக்குப் பேர்போன ஊர்களும் நம்மிடம் உண்டு. அப்படிப் பரம்பரையாகப் படைக்குப் போன குடும்பங்களிலும் இந்த மனக்கலக்கத்தைப் பார்த்திருக்கிறேன். தாத்தா சிப்பாயாகப் போனார், அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றார். மகனைக் கல்லூரிக்கு அனுப்பியதே அவன் வேறு பாதையில் போகட்டும் என்றுதான்.

முன்னாள் படைவீரரான தகப்பன் உடனே சம்மதித்துவிடுவார் என்று நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் அவர்கள்தாம் அதிகம் தயங்குகிறார்கள். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், ஊர்ப் பையன்களை விடியற்காலையில் எழுப்பி மைதானத்தில் ஓடவிட்டவர், தன் மகள் விண்ணப்பம் போட்டதும் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் சார். அவளுக்குத் தெரியாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்றார். சியாச்சின் குளிரில் விரல் கறுத்துப்போன சக வீரனைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர் அவர். அவருக்கு நாட்டுப்பற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

போதாததற்கு உறவினர்கள் வேறு. "இவ்வளவு படிக்க வைத்துவிட்டுப் பட்டாளத்துக்கா? சோற்றுக்கு வழியில்லாமலா போய்விட்டது?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டுவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்காத கேள்வி. பிள்ளையின் விருப்பத்தை அது கேவலப்படுத்துகிறது. வறுமையால் பட்டாளத்துக்குப் போனவர்களையும் கேவலப்படுத்துகிறது. ஏற்கெனவே நொந்து போயிருக்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லவும் வாய் வராது.

எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள் தங்கித் தேறியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கும். அந்த நாட்களில் வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒரு தாய் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே பாதம் கொஞ்சம் தட்டை. அதைச் சொல்லி ஒதுக்கிவிடட்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். பரிசோதனையில் பாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, செவிப்பறை தெரியவில்லை என்று தற்காலிகமாகத் தகுதி இல்லை என எழுதிவிட்டார்கள். 42 நாட்களுக்குள் சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் போகலாம். பையன் வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். வேண்டுதல் பலித்த மாதிரிதான். ஆனால் மறுநாள் காலையில் டோக்கன் வாங்கி அவனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனது அந்தத் தாய்தான். "அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை சார்" என்றார். பிறகு, "நான் வேண்டிக்கொண்டதை அவனிடம் சொல்லலாமா?" என்று கேட்டார்.

சொல்லுங்கள் என்றேன். மறைக்க அதில் ஒன்றும் இல்லை. பிள்ளை போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டவரும் அவர்தான், அவன் தோற்றுவிடக் கூடாது என்று மருத்துவமனை வாசலில் காத்திருந்தவரும் அவர்தான். இரண்டும் பொய்யில்லை. அவன் லெப்டினன்டாக இருக்கும் இன்றைக்கும் அந்த இரண்டும் அவரிடம் இருக்கின்றன.

விழா மேடைகளில் வீரத்தாயைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிள்ளையைச் சிரித்த முகத்தோடு போருக்கு அனுப்பிய தாய், கண்ணீரே விடாத தாய். அந்தப் பேச்சு எனக்கு ஏற்பில்லை. பயந்தால் கோழை, அழுதால் தேசப்பற்று இல்லை என்ற எண்ணத்தை அது பெற்றோர் தலையில் ஏற்றிவிடுகிறது. அதனால் அவர்கள் பயத்தை வேறு பெயரில் சொல்லத் தொடங்குகிறார்கள். அவனுக்கு ஹிந்தி தெரியாதே என்பார்கள். சப்பாத்தி ஒத்துக்கொள்ளாது என்பார்கள். ஒரே பிள்ளையை எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களே என்று கேட்பார்கள். அப்படி ஒரு விதி இல்லை என்றதும் முகம் வாடிவிடும். பிள்ளையோ அந்தக் காரணங்களுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்வான். ஹிந்தி மூன்று மாதத்தில் வந்துவிடும், லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய் என்பான். கேட்காத கேள்வி கேட்காமலே கிடக்கும்.

2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் மேஜர் முகுந்த் வரதராஜன் வீரமரணம் அடைந்தார். சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி பெற்றவர்; பின்னர் அவருக்கு அசோக சக்கர விருது வழங்கப்பட்டது. அந்த நாட்களில் மாணவர்களும் வந்தார்கள், பெற்றோரும் வந்தார்கள். எப்படிச் சேருவது என்று மாணவர்கள் கேட்டார்கள். எப்படித் தடுப்பது என்று பெற்றோர் கேட்டார்கள். இரு தரப்பும் படித்தது ஒரே செய்தியைத்தான். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 பேர் உயிரிழந்து, அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் என்று தெரிந்தபோதும் இப்படித்தான் நடந்தது. ஊரடங்கு காலம் என்பதால் தொலைபேசியில் கேட்டார்கள்.

ஒரு தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்குப் போகும் முன் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய சான்று அது. பயிற்சியில் பிள்ளைக்குக் காயம் பட்டாலோ, அறுவை சிகிச்சையின்போது ஊனமோ மரணமோ நேர்ந்தாலோ, அரசிடம் இழப்பீடு கோர உரிமையில்லை என்பதை முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்பது அதன் சாரம். பாதியில் தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாக ஓர் ஒப்பந்தமும் உண்டு. தாள் ஆங்கிலத்தில் இருக்கும். "இங்கே போடுங்கள் அப்பா, எல்லாரும் போடுவதுதான்" என்று பிள்ளை விரல் வைத்துக் காட்டும் இடத்தில் எத்தனையோ தகப்பன்மார் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் அப்படிப் போட மறுத்துவிட்டு, தாளையும் மகனையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். மரணம் என்ற சொல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, "இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். காயம் பட்டால் வைத்தியம் யார் பார்ப்பார்கள், ஊனமாகித் திரும்பினால் என்ன தருவார்கள், வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவற்றில் பாதிக்கு மகனுக்கே பதில் தெரியவில்லை. அவன் அவற்றை விசாரித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்ன பிறகுதான், கடையில் கணக்கு எழுதும் பேனாவாலேயே கையெழுத்திட்டார்.

அவை வீண் கேள்விகள் இல்லை. பயிற்சியில் படுகாயமடைந்து, படையில் சேராமலே மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் பயிற்சி மாணவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைப்பதில்லை. அவர்களின் நிலையை 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு சிற்றூர்க் கடைக்காரர் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்ட கேள்வி அது. தெரிந்து போடும் கையெழுத்துக்குத்தான் சம்மதம் என்று பெயர். பெற்றோரிடம் ஏமாற்றி வாங்கும் கையெழுத்தை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன், அதைப் பிள்ளையே வாங்கினாலும் சரி.

மகள் போகிறேன் என்றால் பேச்சு வேறு பக்கம் போகிறது. பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயதுவரை படையில் நீடிக்கும் பணி, தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருந்தாலும் வீட்டில் முதல் கேள்வி, யார் கட்டிக்கொள்வார்கள் என்பதுதான். பயிற்சி முடியும்வரை திருமணம் கூடாது என்ற விதியைக் கேட்டால் சில தாய்மார்களுக்கு நெஞ்சு பதறும். அந்தச் சுபேதாரின் மகள் இதற்குப் பதில் சொல்லும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. "கல்யாணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் அப்பா. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்" என்று நேராகக் கேட்டாள். அன்றுதான் அவர் சியாச்சினைப் பற்றி வீட்டில் முதல் தடவையாகப் பேசினாராம்.

49 வாரப் பயிற்சி முடிந்து நடக்கும் அணிவகுப்புக்குப் பெற்றோரை அழைப்பார்கள். பல மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் பரங்கிமலைக்கு வந்து சேரும். அந்த மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் பயிற்சி பெற்று 1972-இல் அதிகாரியானவர். 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்றவர். அந்தப் பெயர் தாங்கிய மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்துதான் பெற்றோர் கைதட்டுகிறார்கள். அதன்பின் பிள்ளையின் தோளில் நட்சத்திரங்களைப் பொருத்துவது அவர்கள் கைதான். ஒரு தமிழ்த் தாயும் ஹரியானாவிலிருந்து வந்த ஒரு தாயும், இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமிதம் உண்மையானது. யாரும் அதைக் குறைத்துப் பேச வேண்டாம்.

ஆனால் விடுப்பு முடிந்து பிள்ளை யூனிட்டுக்குப் போனதும் வேறொரு வாழ்க்கை தொடங்குகிறது. முகவரியில் ஊரின் பெயரே இருக்காது, 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலகத்தின் எண் மட்டும் இருக்கும். தொலைக்காட்சியில் எல்லை என்ற சொல் காதில் விழுந்தால், அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நிற்பார். கைப்பேசி மணி அடித்தால் எண்ணைப் பார்க்காமலே எடுப்பார். பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகளே, இதை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: சில இடங்களில் பத்து நாள்கூடத் தொலைபேசி கிடைக்காது, அது வழக்கம்தான் என்று போகும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். தாயின் முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். தகவல் கேட்க ஓர் எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நல்லதையும் கெட்டதையும் சேர்த்துக் கேளுங்கள். குறுகிய காலப் பணி என்றால் 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4 ஆண்டு. நிரந்தர கமிஷன் கிடைக்காமல் வெளியே வந்தால் மாத ஓய்வூதியம் இல்லை. 2022-இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் பட்டதாரிப் பிள்ளைகளும் சேருகிறார்கள். அதில் 4 ஆண்டுக்குப் பிறகு அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேருக்குத்தான் படையில் தொடரும் வாய்ப்பு. மற்றவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று மகனிடமே கேளுங்கள். அவன் யோசித்து வைத்திருந்தால் உங்களுக்கும் தெம்பு வரும். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கலாம். அவரிடம் போகும்போது பிள்ளையின் தாயையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தாயின் மனத்தில் இருக்கும் கேள்வியை வேறு யாரும் கேட்க முடியாது.

ராணுவ அதிகாரி ஆவதற்கான எழுத்துத் தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. உங்கள் பிள்ளை ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கலாம். வேலைக்கு நேர்காணல் என்று வீட்டில் சொல்லிவிட்டு எஸ்.எஸ்.பி.க்குப் பெங்களூர் போகிறவர்களும் உண்டு. போகும் முன்பே வீட்டில் இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். பயத்தைப் பயம் என்றே சொல்லுங்கள்.

வணக்கம்.