பள்ளத்தாக்கின் இடுப்பில் ஓர் ஊர்: செயின்ட் ஹெலீனாவின் நிலமும் மக்கள்தொகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

வட கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே, நாபா பள்ளத்தாக்கின் நடுவில் செயின்ட் ஹெலீனா என்ற சிற்றூர் இருக்கிறது. ஒயின் குடிக்கிற நாடுகளில் இந்தப் பெயரைத் தெரியாத கடைக்காரர் இருக்க மாட்டார். ஊருக்குள் வேலைக்குப் பஞ்சமில்லை, நிலத்துக்கு விலை குறைந்ததாக வரலாறும் இல்லை. ஆனாலும் குடியிருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,950 பேர். 2010 இல் 5,814. 2020 இல் 5,430. இருபது ஆண்டுகளில் 520 பேர் கழிந்துவிட்டார்கள்.

இதே இருபது ஆண்டுகளில் நாபா கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி, 1,24,279 பேரிலிருந்து 1,38,019 பேராக வளர்ந்திருக்கிறது. வட்டாரம் வளரும்போது அதன் நடுவிலே இருக்கும் ஊர் ஏன் சுருங்குகிறது? இதற்குப் பதிலைத் தேட மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

நாபா பள்ளத்தாக்கு சுமார் 48 கிலோமீட்டர் நீளம். மேற்கே மாயகாமாஸ் மலைகள், கிழக்கே வாக்கா மலைகள். நடுவில் நாபா ஆறு தெற்கு நோக்கி ஓடி, சான் பாப்லோ விரிகுடாவில் கலக்கிறது. தெற்கே நாபா நகரத்தருகே பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். வடக்கே போகப் போக ஒடுங்கும். செயின்ட் ஹெலீனாவில் இரு மலைகளும் நெருங்கி வந்து, உடுக்கையின் இடுப்பு மாதிரி ஓர் இடுக்கம். ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 80 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது பள்ளத்தாக்கின் தரையிலேதான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. பெயரைத் தந்த செயின்ட் ஹெலீனா மலை ஊருக்குள் இல்லை. வடக்கே, காலிஸ்டோகா என்ற ஊரையும் தாண்டி, 1,300 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது.

இந்த இடுக்கம்தான் ஊரின் வெயிலைத் தீர்மானிக்கிறது. கோடையில் கலிபோர்னியாவின் உள்நாட்டுச் சமவெளி கொதிக்கும்போது அங்கே காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று விரிகுடா வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. இரவில் அது மூடுபனியாகப் பள்ளத்தாக்கில் ஏறும். காலை பத்து, பதினொரு மணிக்குள் கலைந்துவிடும். தெற்கு முனைக்குத் தினமும் கிடைக்கிற இந்தக் குளிர்ச்சி, செயின்ட் ஹெலீனாவுக்கு வந்து சேர்வதற்குள் மெலிந்துபோகும். நெருங்கி நிற்கும் மலைச்சரிவுகள் வேறு வெயிலைத் திருப்பி அடிக்கின்றன. கோடை மதியம் 35 டிகிரியைத் தொடுவது சாதாரணம், ஆனால் இரவில் குளிர்ந்துவிடும். கெபர்னே சோவிஞோன் திராட்சைக்கு இதுதான் பிடித்தமான நாள். பகலில் சர்க்கரை ஏறும், இரவில் புளிப்பு கரையாமல் நிற்கும்.

மண்ணும் ஊருக்கு இரு பக்கமும் ஒன்றாக இல்லை. மேற்கிலும் தெற்கிலும் மலையிலிருந்து அடித்து வந்த சரளையும் களிமண்ணும் கலந்த, சத்துக் குறைந்த படிவு மண். வடக்கிலும் கிழக்கிலும் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்த, ஆழமும் வளமும் கூடிய மண். வளமான மண் என்றால் மகிழ வேண்டாமா என்று கேட்கலாம். திராட்சைக்கு அது அரைப் பாக்கியம்தான். கொடி இலையும் தழையுமாகப் பாய்ந்துவிட்டால் காய்க்கு நிழல் விழும், பச்சை வாடை ஒயினில் தங்கும். அங்கே இலை கிள்ளுவதும் கொழுந்து ஒடிப்பதும் கூடுதல் ஆள்கூலி. இந்த ஆள்கூலிக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

தாழ்ந்த தரையில் இருப்பதற்கு இன்னொரு விலை உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. மார்ச் முதல் மே தொடக்கம் வரை, தெளிந்த இரவுகளில், அது மலையிலிருந்து வழிந்து தரையில் குட்டைபோலத் தேங்கும். அப்போதுதான் கொடியில் புதுத் துளிர் விட்டிருக்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் துளிர் கருகிவிடும். காக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, உயரக் கம்பத்தில் சுழலும் பெரிய காற்றாடி. பத்து, பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கும் கொஞ்சம் சூடான காற்றைக் கீழே இழுத்துக் கலக்கிவிடும். ஒரு காற்றாடி சுமார் 10 ஏக்கரைக் காக்கும். இன்னொன்று, கொடியின் மேல் தண்ணீர் தெளிப்பது. தண்ணீர் உறையும்போது வெளிவிடுகிற வெப்பம் துளிரைப் பூஜ்யத்தருகே பிடித்து வைக்கும். இதில் பலரும் தவறுவது நிறுத்துகிற நேரத்தில்தான். சூரியன் வந்துவிட்டதே என்று பனிக்கட்டி உருகி விழுவதற்கு முன்பே குழாயை மூடிவிட்டால், ஈரம் ஆவியாகிற வேகத்தில் துளிரின் சூடு மறுபடி இறங்கி, இரவெல்லாம் காத்தது விடியலில் போய்விடும். தண்ணீரும் நிறையச் செலவாகும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது ஊர்க்காரர்களுக்கும் கவலைதான்.

மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் அநேகமாக எல்லாமே நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் துளி கிடையாது. ஊருக்குக் குடிநீர், வடகிழக்கு மலையிலிருக்கும் பெல் கேன்யன் நீர்த்தேக்கத்திலிருந்தும் கிணறுகளிலிருந்தும் வருகிறது. போதாததை நாபா நகரத்திடம் விலைக்கு வாங்குகிறார்கள். அங்கே தண்ணீரை லிட்டரில் பேசுவதில்லை, ஏக்கர்-அடியில் பேசுகிறார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கிற நீர் அது, சுமார் 12.3 லட்சம் லிட்டர். வறண்ட வருடங்களில் புல்தரைக்குத் தண்ணீர் விடுவதற்குக் கட்டுப்பாடு வரும். புதிதாக வீடு கட்ட அனுமதி கேட்டால், முதல் கேள்வியே தண்ணீர் எங்கே என்பதுதான். குளிர்காலத்தில் கதை தலைகீழ். 1986 பிப்ரவரியிலும் 2005 டிசம்பர் கடைசியிலும் நாபா ஆறு கரை மீறியதை மறக்காத ஊர் இது. ஆக, ஆற்றோரம் கண்டபடி கட்ட முடியாது, மலைச்சரிவில் காட்டுத்தீ பயம். 2020 செப்டம்பர் 27 அன்று ஊருக்கு அருகில் பற்றிய, ‘கிளாஸ்’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ 67,000 ஏக்கருக்கு மேல் எரித்தது.

இயற்கை போட்ட வேலி இவ்வளவு. மனிதர்கள் போட்ட வேலி இதைவிட உறுதியானது.

1968 இல் நாபா கவுண்டி வேளாண் காப்புப் பகுதி என்று ஒன்றை உருவாக்கியது. அமெரிக்காவில் அதுதான் முதல் முயற்சி. பள்ளத்தாக்குத் தரையில் விவசாய நிலத்தை 20 ஏக்கருக்குக் கீழே துண்டு போடக் கூடாது என்றார்கள். 1979 இல் அதையே 40 ஏக்கராக உயர்த்தினார்கள். மலைப்பகுதிகளில் இப்போது 160 ஏக்கர். கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையில் 400 ஏக்கர் வைத்திருப்பவர் அதிகபட்சம் பத்துத் துண்டுகள்தான் போடலாம். மனை போட்டு விற்கிற வியாபாரத்துக்கு அங்கே இடமே இல்லை. 1990 இல் வாக்காளர்கள் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமானால் கவுண்டி நிர்வாகம் மட்டும் முடிவு செய்ய முடியாது, மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். 2008 இல் இந்த ஏற்பாட்டை 2058 வரை நீட்டித்தார்கள்.

என் கணிப்பில், இந்தச் சட்டம் இல்லையென்றால் இன்று நாபா பள்ளத்தாக்கே இருக்காது. விரிகுடாவைச் சுற்றிய எத்தனையோ பழத்தோட்டங்கள் வீட்டு மனைகளாகிப்போன மாதிரி இதுவும் போயிருக்கும். ஆனால் அதன் சுமை எங்கே இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே கட்ட முடியாது. எல்லைக்குள் இருக்கும் சுமார் 13 சதுர கிலோமீட்டரிலும் கணிசமான பகுதி திராட்சைத் தோட்டம்தான். இருக்கிற வீடுகளுக்கு எல்லோரும் போட்டி போட்டால் விலை என்ன ஆகும்? ஒரு சாதாரண வீடே பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் வேறு நகரத்தில் சம்பாதிப்பவர். வார இறுதிக்கு, அறுவடைக் காலத்துக்கு என்று வந்து போவார். முன்பு அதே வீட்டில் தாய், தகப்பன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் இருந்திருப்பார்கள். விற்றுவிட்டுப் போனதும் கணக்கில் அந்த வீடு காலி. வாரநாள் ஒன்றில், பொழுது சாய்ந்தபின், பிரதான வீதியை விட்டுப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் இது கண்ணுக்கே தெரியும். புல் ஒழுங்காக வெட்டியிருக்கும், வாசலில் ரோஜா பூத்திருக்கும், உள்ளே விளக்கு எரியாது.

இங்கே கணக்கெடுப்பின் விதியைப் புரிந்துகொள்வது அவசியம். அமெரிக்காவில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1 ஆம் தேதி நிலவரப்படி எண்ணுகிறார்கள். ஒருவர் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் எங்கே தங்கி உறங்குகிறாரோ அங்கேதான் அவர் எண்ணப்படுவார். சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக எண்ண மாட்டார்கள், வேலை பார்க்கிறார் என்பதற்காகவும் எண்ண மாட்டார்கள். ஏப்ரல் அங்கே அறுவடைக் காலம் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஊரில் நடமாடுகிற கூட்டத்தின் நிழல்கூட அந்த எண்ணில் விழாது.

இன்னும் ஒரு நுணுக்கம். 2020 கணக்கில், தனிநபர் விவரம் வெளியே கசியாமலிருக்க, சிறிய பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே சிறு கூட்டல் கழித்தலைக் கலந்தே வெளியிட்டார்கள். மாநில மொத்தத்தில் மட்டும் கை வைக்கவில்லை. ஓர் ஊரின் மொத்த எண்ணிக்கைக்கு அதனால் பெரிய பழுது இல்லை. ஆனால் ஒரு தெருவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு கட்டினால் ஏமாந்து போவோம். இடைப்பட்ட ஆண்டுகளில், சிலரை மட்டும் கேட்டு எடுக்கிற மாதிரிக் கணக்கெடுப்புகளிலும், 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரிதான் கிடைக்கும். அதை ஒரே ஆண்டின் நிலவரம் என்று வாசிப்பது அடிக்கடி நடக்கிற பிழை.

சரி, முன்பு சொன்ன ஆள்கூலிக்கு வருவோம். ஊரில் வேலை செய்கிறவர்கள் எங்கே வசிக்கிறார்கள்? ஒரு பகுதியினர் ஊரிலேயே இருக்கிறார்கள். 2010 கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஸ்பானிஷ் மொழி வழி வந்த குடும்பத்தினர், அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவில் வேர் உள்ளவர்கள். இந்தத் தோட்டங்களை எப்போதும் வெளியிலிருந்து வந்த கைகளே வளர்த்திருக்கின்றன. சார்லஸ் க்ரூக் 1861 இல் இங்கே ஒயின் ஆலை தொடங்கினார். 1868 இல் ரயில் வந்தது. 1876 இல் ஊர் நகராட்சியானது, அதே ஆண்டில் பெரிஞ்சர் ஆலையும் எழுந்தது. அதன் பாறைக் குகைகளைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். ஊரின் தென்கோடியில் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பே இருந்தது. 1882 இல் சீனர் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தபின் அது தேய்ந்து மறைந்தது. பிறகு இத்தாலியர்கள், 1942 முதல் 1964 வரை அரசு ஒப்பந்தத்தில் வந்த மெக்சிகோத் தொழிலாளர்கள், அவர்களைத் தொடர்ந்து அவர்களின் குடும்பங்கள்.

தனியாக வருகிற தொழிலாளர்களுக்கு நாபா கவுண்டியில் மூன்று பொதுத் தங்குமிடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 60 படுக்கை, மொத்தம் 180. அதில் ஒன்று செயின்ட் ஹெலீனாவில், ஆற்றங்கரைப் பக்கம். இதற்கான செலவில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு தருகிறார்கள். பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் 180 படுக்கை ஒரு கவுண்டிக்கு எந்த மூலைக்கு? அது போக, குடும்பத்தோடு இருப்பவருக்கு அந்தப் படுக்கையால் பயனில்லை. அவர் தெற்கே போகிறார். பள்ளத்தாக்கின் தென்வாயிலில், 40 கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்கன் கேன்யன் என்ற ஊர் 2000 இல் 9,774 பேராக இருந்து 2020 இல் 21,837 ஆனது. செயின்ட் ஹெலீனாவில் கழிந்ததைப் போலப் பல மடங்கு அங்கே கூடியிருக்கிறது.

செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அறுவடை தொடங்குகிறது. பகல் வெயிலில் பறித்த திராட்சை தொட்டியிலேயே நசுங்கி, ஆலைக்குப் போகும் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். இரவில் பறித்தால் பழம் குளிர்ந்து, இறுகி நிற்கும். டிராக்டரில் கட்டிய விளக்கு வரிசை முழுவதும் வெளிச்சம் பாய்ச்ச, நெற்றி விளக்கோடு ஆட்கள் வளைந்த கத்தியால் காம்பை அறுத்துக் கூடையில் தள்ளுவார்கள். கூடை நிறைந்ததும் ஓடிப்போய்ப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கொட்ட வேண்டும். ஒரு தொட்டி ஏறத்தாழ அரை டன். ஒருவர் ஓடிக்கொண்டே, இன்னொருவர் தொட்டியின் மேல் குனிந்து இலைகளைப் பொறுக்கியெடுத்துக்கொண்டே இருப்பார். ஒரு டன் பழம் கடைசியில் சுமார் 700 புட்டி ஒயினாகும்.

விடிந்து ஒன்பது, பத்து மணிக்கு வேலை முடிகிறது. மூடுபனி கலைகிற அதே நேரம். ஊரின் பிரதான வீதியும் அதுவே, நெடுஞ்சாலை 29 உம் அதுவே. அந்தச் சாலையில் வடக்கு நோக்கிச் சுற்றுலா வண்டிகள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருக்கும். எதிர்த்தடத்தில், கையில் திராட்சைப் பிசுக்கு காயாமல், நான்கைந்து பேர் ஒரே காரில் நெருக்கி உட்கார்ந்து தெற்கே போவார்கள், ஏப்ரல் 1 அன்று அவர்களை எண்ணப்போகிற வீட்டுக்கு.

நன்றி. வணக்கம்.