பொட்டலத்தோடு வந்த மாஸ்டர்

வணக்கம். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் மூடிய டிரைவரை, அதாவது ஒரு கருவியை இயக்கும், ஆனால் உள்ளே எழுதியிருப்பதை வெளியில் காட்டாத மென்பொருளை, போட்டு ஓட்டலாமா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். ஓட்டலாம். நானே ஓட்டுகிறேன். அதை எங்கே நிற்க வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணச் சமையலுக்கு வரும் சில மாஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். மசாலாவை வீட்டிலேயே அரைத்துப் பொட்டலமாகக் கட்டி வருவார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். (சாம்பார் பிரமாதமாக இருக்கும், அது வேறு விஷயம்.) வைஃபை கார்டு, கிராபிக்ஸ் கார்டு இவற்றின் டிரைவர்கள் பெரும்பாலும் இயங்குதளத்தின் கெர்னல் என்கிற மையப் பகுதிக்குள்ளேயே ஓடுகின்றன. அதாவது மாஸ்டர் சமையலறைக்குள்ளேயே நிற்கிறார். கெர்னல் எதையெல்லாம் தொடலாமோ அதையெல்லாம் அவரும் தொடலாம்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? விமான நிலையங்களில் வரிசையாக நீலத்திரை. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில், கெர்னலுக்குள் ஓடிய டிரைவர் ஒரு தப்பான கோப்பைப் படித்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. லினக்ஸிலும் கெர்னலுக்குள் பிழை நேர்ந்தால் இதே கதைதான்.

லினக்ஸ் மூடிய டிரைவரைத் தடுப்பதில்லை. ஆனால் ஏற்றிய நொடியில் 'டெயின்டட்', அதாவது கறைபட்டது, என்று தனக்குத்தானே குறித்துக்கொள்ளும். அதன் பிறகு ஏதாவது பழுதென்று கெர்னல் எழுதுகிறவர்களிடம் போனால், 'பொட்டலத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்' என்பார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத சாம்பாரில் எவர் போய் உப்புச் சரிபார்ப்பார்?

எதிர்வீட்டு அக்கா ஒருவர் டியூஷன் நடத்துகிறார். ஒரு ஞாயிறு இரவு ஓடி வந்தார். "தம்பி, அப்டேட் போட்டேன், வைஃபையே காணோம். காலையில ஆன்லைன் கிளாஸ் இருக்கு." போய்ப் பார்த்தேன். பட்டியலில் ஒரு வைஃபை பெயர்கூட இல்லை. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும்! கடைசியில் அக்காவின் போனைச் சார்ஜர் கேபிளால் செருகி, டெதரிங் போட்டு நெட் கொண்டுவந்தோம்.

விஷயம் இதுதான். அக்கா மகன் ஏதோ வீடியோ பார்த்து, கார்டு தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரைக் கையால் நிறுவியிருந்தான். அது அன்றைய கெர்னலுக்கு மட்டும் பொருந்தும்படி கட்டியது. அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்தது, அதற்கு யாரும் கட்டவில்லை. மறுபடி துவக்கி, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தேன். வைஃபை வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், இடம் போதவில்லை என்று பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள். ஒன்றாவது இருக்கட்டும். அப்புறம் கையால் போட்டதை நீக்கிவிட்டு, அக்கா கணினியில் ஓடும் லினக்ஸ் வகையான உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருந்த அதே டிரைவரைப் போட்டேன். அதோடு டி.கே.எம்.எஸ். என்ற ஏற்பாடும் வருகிறது. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் அது தானே டிரைவரைக் கட்டிக்கொள்ளும்.

அங்கேயும் ஒரு இடறல். நம்பகமான கையொப்பம் இல்லாததை ஏறவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதுவக்கத்தில் நீலத்திரை வரும். அக்கா பயந்துபோய் 'கன்டின்யூ பூட்' அழுத்தப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். அது பழுது இல்லை. அங்கே 'என்ரோல் மோக்', அதாவது டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்வது, தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். தராவிட்டால் டிரைவர் ஏறாது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. சரி, மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி, பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். கார்டை முழுதாக ஒரு மெய்நிகர் கணினிக்குத் தாரை வார்த்து, மூடிய டிரைவரை அதற்குள்ளேயே ஓட விடலாம். மண்டபத்துக்குப் பின்னால் தனிக் கொட்டகை போட்டு மாஸ்டரை அங்கே சமைக்கச் சொல்வதுபோல. அடுப்பு வெடித்தாலும் பெரும்பாலும் கொட்டகையோடு போகும். இதற்குச் செயலியிலும் மதர்போர்டிலும், கார்டு எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐ.ஓ.எம்.எம்.யு. வசதி வேண்டும். அது உங்கள் கணினியில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது... இல்லை, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.