பெங்களூர் தக்காளிக்குள் ஒரு பிரேக்

(அல்சூரில் ஒரு ஞாயிறு மாலை, தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் வேண்டாம் தம்பி, வகுப்பறையில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது.

வரும் வழியில் தள்ளுவண்டியில் இரண்டு தக்காளி வாங்கினேன். தட்டையாக, காம்புப் பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, இதை இங்கே 'நாட்டி' என்பார்கள். முட்டை மாதிரி நீண்டு, தோல் தடித்திருப்பது ஹைபிரிட். நம் ஊர்ப் பக்கம் இதற்குத்தான் 'பெங்களூர் தக்காளி' என்று பேர். இங்கே வந்த புதிதில், பெங்களூரிலேயே நின்றுகொண்டு பெங்களூர் தக்காளி கேட்டு நான் முழித்தது தனிக் கதை.

நாட்டியை வெட்டுகிறேன். விதையைச் சுற்றிக் கொழகொழவென்று இருக்கிறது, பார்த்துவிட்டுப் பின்வரிசைக்கு அனுப்புங்கள். அதற்குக் கடைசியில் வருவேன். இன்றைக்குப் பேச்சு, செடிக்கு வைட்டமின் சி எதற்கு என்பதுதான்.

வைட்டமின் சி என்றால் நமக்குச் சளி, எலுமிச்சை, மாத்திரை, நெல்லிக்காய். நெல்லி என்றதும் அதியமானையும் ஔவையையும் சொல்லவேண்டும் என்பது மேடை மரபு, சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெல்லி மரம் அதை நமக்காகச் செய்யவில்லை. ஆடு, மாடுகூடத் தன் தேவைக்குக் கல்லீரலிலேயே செய்துகொள்ளும். நமக்கு அந்த வேலையின் கடைசிப் படிக்கான ஜீன் பழுதாகிவிட்டது. அதனால்தான் மரத்திடம் கையேந்துகிறோம்.

சரி, மரத்துக்கு எதற்கு?

வண்டிகள் நெரியும் நம் சில்க் போர்டு சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிப் புகை வெயிலில் பட்டு ஓசோன் உண்டாகிறது. வானத்தின் உச்சியில் இருந்தால் நல்லது, மூக்கருகே வந்தால் விஷம். சாலையோர மரத்தின் இலைத்துளை வழியாக அது உள்ளே நுழைந்தால், செல் சுவரில் முதலில் எதிர்கொள்வது வைட்டமின் சி. 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஓசோன் பட்டாலே கருகிப்போகும் ஒரு செடியைப் பிடித்தார்கள். அராபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துக் குட்டிச் செடி. சோதித்தால், அதில் வைட்டமின் சி வழக்கமான அளவில் சுமார் 30 சதவீதம்தான். இரண்டு ஆண்டு கழித்து, 1998-இல், இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் ஸ்மிர்னாஃப் குழுவினர், செடி சர்க்கரையிலிருந்து இதைப் படிப்படியாக எப்படிச் செய்கிறது என்று வழி கண்டார்கள்.

குறைந்தால் இப்படி. சுத்தமாக இல்லாவிட்டால்? அந்த வழியில் முக்கியமான ஒரு படிக்கு இரண்டு ஜீன்கள் உண்டு. இரண்டையும் முடக்கிய செடியை 2007-இல் வளர்த்துப் பார்த்தார்கள். விதை முளைத்தது, விதையிலை இரண்டும் விரிந்தன, அதோடு வெளுத்து நின்றுவிட்டது. வெளியிலிருந்து வைட்டமின் சி கொடுத்ததும் மறுபடி வளர்ந்தது. எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை கிடையாது. வெயிலில் சமைக்கும் இலைக்குள் தீவிரமான நச்சுப் பொருள்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவற்றைத் துடைக்க வைட்டமின் சி இல்லாவிட்டால் சமையல்கட்டே எரிந்துபோகும்.

துடைப்பது மட்டுமல்ல. சப்போட்டாவை அரிசிக்குள் புதைத்துவைப்போம், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு வெளியே போகாமல் பழுக்கட்டும் என்று. அந்த எத்திலீனைச் செய்யும் கடைசி என்சைமுக்கு இரும்பும் வேண்டும், வைட்டமின் சி-யும் வேண்டும்.

அப்படியானால் நிறைய இருந்தால் காய் பெருக்குமா? அங்கேதான் அவசரப்படக்கூடாது. பிரான்ஸில் தக்காளிச் செடியில், வைட்டமின் சி செய்யும் வழியின் கடைசிப் படி என்சைமைக் குறைத்தார்கள். பழம் சிறுத்தது, காரணம் செல்கள் சிறுத்தன. ஆனால் மொத்த வைட்டமின் சி பெரிதாக இறங்கவில்லை! அளவு ஒன்று, அதைச் செய்யும் வேலை வேறு ஒன்று.

செடி தானே ஒரு பிரேக்கும் வைத்திருக்கிறது. வைட்டமின் சி போதுமான அளவு சேர்ந்ததும், இரண்டு ஜீன் என்றேனே, அந்த முக்கியமான படியின் என்சைம் உற்பத்தி குறைந்துவிடும். நியூஸிலாந்து ஆய்வாளர்கள் கிவிப் பழத்தின் ஜீனைத் தக்காளிக்குள் புகுத்தி, அந்தப் படியையே முடுக்கிவிட்டார்கள். 2012-இல் வெளியான முடிவு: பழத்தில் வைட்டமின் சி மூன்று முதல் ஆறு மடங்கு. கைதட்டலாம். ஆனால் வெட்டிப் பார்த்தால் விதை இல்லை, நான் சுற்றுக்கு விட்டேனே, அந்தக் கொழகொழப்பும் இல்லை! நமக்கு ஆறு மடங்கு லாபம், செடிக்கு வம்சமே நஷ்டம். பிரேக் எதற்கு என்று கேட்டால் நான் இந்தத் தக்காளியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.

பின்வரிசை அம்மா, "அப்போ எந்தத் தக்காளி சார் வாங்கறது?" என்கிறார்கள். வைட்டமின் சி-க்கு என்றால் தக்காளியே வேண்டாம் அம்மா, கொய்யா வாங்குங்கள். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். தக்காளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ரசத்துக்கு என்றால் நாட்டி. அந்தக் கொழகொழப்பில்தான் புளிப்பு இருக்கிறது.